மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

அந்தத் தெரு நேராகப் போகாது. நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் அருகில் வந்ததும் தெரு வயிற்றை எக்கிக்கொண்டு ஓரமாக வளைந்து, தாண்டிய பிறகுதான் மறுபடி நிமிர்கிறது. ஊரின் மிகப் பழைய வரைபடத்தில் இந்தப் பகுதியில் வீடுகளே கிடையாது. ஒரு குளமும் இந்த மரமும் மட்டும்தான். குளத்தைத் தூர்த்து பஸ் நிலையம் கட்டியாகிவிட்டது. மரம் எப்படியோ தப்பித்து, பெயருக்கேற்றபடி சாயங்காலமானால் இலைகளை மூடிக்கொண்டு தூங்கிவிடுகிறது. அதைச் சுற்றி இருப்பவர்கள் மட்டும், அடுத்த வீட்டு விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்குவார்கள்.

கதவு எண் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாம் மரத்தை வைத்துத்தான். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவள் டாக்ஸி அக்கா. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் ஒத்துழைக்கவில்லை. வாய் இரண்டு பங்கு ஒத்துழைத்தது. சக்கர நாற்காலியில் மர நிழலில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலுள்ள பாதி டாக்ஸிகளுக்குப் போனிலேயே சவாரி பிடித்துக் கொடுப்பாள். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பதுதான். ஊரின் மறுகோடியிலிருந்து கூப்பிடுகிறவர்கூட யோசித்து ஒரு பக்கத்தைச் சொல்வார்.

ஒரே வீட்டில் இருக்கும் அவளுடைய தம்பிக்கு மைக்செட் வாடகைக்கு விடும் தொழில். ஒலிபெருக்கிகள், குழல் விளக்குகள், அவற்றை ஏற்றிப்போக ஒரு வேன். மைக் இல்லாமலே மைக் வைத்தது போன்ற குரல். மரத்தின் தாழ்ந்த கிளையில் விளம்பரத்துக்காக ஒரு குழாய் ஒலிபெருக்கியை ஆணியடித்து மாட்டியிருந்தார். எதிர்வீட்டுத் தச்சர் அதனால்தான் அவரோடு பேச்சை நிறுத்தினார்; உளிச் சத்தத்தையே தாங்குகிற காது, அதைத் தாங்கவில்லையாம்.

தெருவை நேராக்க மரத்தை வெட்டப் போகிறோம் என்று நகராட்சி சொன்னபோது முதலில் எழுந்தவர் மைக்செட்காரர்தான். அதை மறைக்க முடியாது. மரத்தடியில் மைக் போட்டுப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பாதிப்பேர் மரத்தின் மேலுள்ள பாசத்தால் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப்பேர் அவர் நிறுத்தினால் போதுமென்று போட்டார்கள். நகராட்சியும் கடைசியில் இறங்கி வந்தது. மரம் பழைய அடையாளச் சின்னமாக நிற்கலாம். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் மர டாக்டர் வந்து பார்ப்பார், கிளை முறிந்து யார் தலையிலும் விழாது என்று அவர் சொன்னால்தான்.

மரத்துக்காகச் சேர்ந்து ஜெயித்த குழு சும்மா இருக்குமா? மரத்துக்கு மரியாதை செய்ய வேண்டாமா? வேரை மூடி ஒரு சிமெண்ட் மேடை, மேடைக்குப் பளபளக்கும் டைல்ஸ், டைல்ஸில் குழுவினரின் பெயர்கள், அதற்கொரு திறப்பு விழா. மிஞ்சிய சிமெண்டில் மைக்செட்காரர் தன் வாசலிலிருந்து மேடை வரைக்கும் வழவழவென்று ஒரு முற்றம் போட்டுக்கொண்டார். மேடைக்கு ஆனதைவிட மிஞ்சியதுதான் அதிகம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் அந்த முற்றம் வருமுன் அக்கா வெளியே வருவதென்றால், இரண்டு டிரைவர்கள் நாற்காலியோடு தூக்கி, புடைத்த வேர்களைத் தாண்டி மூட்டை இறக்குவதுபோல இறக்க வேண்டும். அவர்கள் சவாரிக்குப் போய்விட்டால் உள்ளேயேதான். முற்றம் காய்ந்த அன்று அவள் தானாகவே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். மைக்செட்காரர் வேனுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்; ஆகவே தெருவுக்கே தெரியும்.

சில மாதங்களில் மரத்தின் ஒரு பக்கம் மொட்டையானது. முதலில் இலையுதிர்வு என்றார்கள். பிறகு அந்தப் பக்கத்துப் பெரிய கிளையில் பட்டை உரிந்தது. பயந்துபோய் மர டாக்டரை முன்கூட்டியே வரவழைத்தார்கள்.

வந்த டாக்டரம்மா ஒரு மரச்சுத்தியால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் பச்சை தெரிந்தது. பிறகு குனிந்து டைல்ஸில் இருந்த பெயர்களை நிதானமாகப் படித்தாள். குழுவினர் பெருமையோடு நின்றார்கள்.

"யார் செஞ்ச வேலை இது?"

ஆளாளுக்கு அடுத்தவரைப் பார்த்தார்கள். பெயர்கள்தான் எழுதியிருந்தனவே.

"வேரும் மூச்சு விடணுங்க. நீங்க மரத்தைக் காப்பாத்தலை, உயிரோட சமாதி கட்டியிருக்கீங்க."

மைக்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டுப்போன கிளையைத் தன் ஆட்கள் வந்து வெட்டுவார்கள் என்றாள். மரத்தின் நிழல் விழும் இடம்வரை சிமெண்டை எல்லாம், இயந்திரம் வைக்காமல் கையாலேயே உடைத்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மழைக்குப் பிறகு மரம் பதில் சொல்லும். செய்யாவிட்டால் தன்னால் கையெழுத்துப் போட முடியாது. போகும்போது முற்றத்தைக் காலால் தட்டி, "இதுவும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையை மறுவாரமே உடைத்தார்கள். தன் பெயர் இருந்த டைல்ஸ் உடையாமல் வர வேண்டுமென்று ஆளாளுக்கு உளியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மைக்செட்காரர் அதற்கும் மைக் போட்டார். ஆனால் தன் முற்றத்தைப் பற்றிய பேச்சை மட்டும் பூசி மெழுகினார். நிழல் அதுவரை வராது என்றார். வருகிறதே என்றதற்கு, அது மரத்தின் நிழல் இல்லை, வீட்டின் நிழல் என்றார். வேனை அதன் மேலேயே நிறுத்தி, சக்கரங்களுக்கு நடுவே பூந்தொட்டிகளை அடுக்கினார். பூந்தொட்டிக்கு வேனைக் குடையாகப் பிடித்த மனிதரை அந்தத் தெரு அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது.

உள்ளுக்குள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மரம் போனால் ஊர் அவரைத்தான் சொல்லும், அது போகட்டும். மரம் பிழைத்தால் அக்கா மறுபடி மூட்டை. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அந்தச் சக்கரச் சத்தம் காதில் கேட்டது.

முற்றத்தைப் பற்றி டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லவே கூடாதென்று ஒருநாள் காலையில் டிரைவர்களிடம் சத்தியம் வாங்கினார். டிரைவர்கள் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள், மதியம்வரை.

மறுநாள் காலை அவர் வேனை எடுக்க வந்தபோது, அக்கா முற்றத்தின் நடுவில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்போடா உடைக்கப் போறே?"

"எதைக்கா?"

"நடிக்காதே. உனக்கு அது வராது."

அவர் பூந்தொட்டியைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. "உன்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு நான் மரத்தைக் காப்பாத்தணுமாக்கா? ஊரே சேர்ந்து சொன்னாலும் என்னால முடியாது."

அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக வந்து அவளும் கேட்டதில்லை.

"என் நாற்காலி அகலம் எவ்வளவு? நீ போட்டிருக்கறது எவ்வளவு? பாதி எனக்கு, பாதி உன் வேனுக்கு. நான் இத்தனை நாள் சொன்னேனா?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"எனக்குப் போட்ட பாதியைப் பத்திச் சொல்றேன், கேளு. மரம் செத்துப்போனா இந்த இடம் தோசைக்கல்லு மாதிரி காயும். அப்போ தானா உருட்டிக்கிட்டு வந்து என்னத்துல உட்காருவேன்? உடைடா தம்பி. நான் ஜன்னல்ல உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கறேன்."

அன்று மைக் இல்லை. வேனைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, கடப்பாரையோடு வந்து அவரே தொடங்கினார். ஒயரைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை, மதியத்துக்குள் கொப்புளித்துவிட்டது. ஜன்னலிலிருந்து மேற்பார்வை நடந்தது. "இந்தப் பக்கம் வேர் இருக்கு, மெதுவா." "அந்த மூலையை விட்டுட்டே, வேன் மேல இருக்கற பாசமா?" மைக்செட்காரர் பேசாமல் வேலை செய்வதைப் பார்க்கவே தெரு கூடியது. பார்த்தபிறகு சும்மா நிற்க வெட்கப்பட்டு, ஒவ்வொருவராகக் கூடை தூக்கினார்கள்.

சிமெண்டுக்குக் கீழே மண் பாறைபோல் இறுகிக் கிடந்தது. கிளறி, சருகு பரப்பி, தண்ணீர் விட்டார்கள். ஆனால் கிளறிய மண்ணை யாரும் மிதிக்கக் கூடாது; தூக்கி இறக்கவும் வழியில்லாமல் அக்காவால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. டிரைவர்கள் ஜன்னலில் வந்து நின்று சவாரி கேட்டார்கள். "ஜெயில்ல மனு போட வந்த மாதிரி நிக்காதீங்கடா" என்று அவர்களை விரட்டினாலும், போனை வைத்ததும் அவள் முகம் மரத்தடிப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடுவதை மைக்செட்காரர் கவனித்தார். வீட்டுக்குள் வந்தாலே வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

வெட்டிய பெரிய கிளை தெருவோரம் கிடந்தது. தச்சர் தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அலமாரிக்கு அளவெடுக்கிறார் என்று தெரு முடிவு கட்டியது. ஒருநாள் அவர் நேராக மைக்செட்காரரின் வாசலுக்கு வந்து, அவரைத் தவிர்த்து, ஜன்னலைப் பார்த்துப் பேசினார். மண்ணைத் தொடாமல் குட்டைக் கால்கள் மேல் பலகைப் பாலம் போடலாம். வேர் இல்லாத இடமாகப் பார்த்துக் காலை ஊன்றினால் போதும். டாக்டரம்மாவிடம் கேட்டாகிவிட்டது, சரியென்றாள். பலகையும் இந்த மரத்துக் கிளையேதான்.

மைக்செட்காரர் குறுக்கே வந்து நின்றார். "உங்களுக்கு நான் எப்படி..."

தச்சர் அப்போதுதான் அவரைப் பார்த்தார். "அந்தக் குழாயைக் கழட்டுங்க. அது போதும்."

ஏணி போட்டு, கடைசி ஆணிவரை பிடுங்கிவிட்டு மைக்செட்காரர் இறங்கினார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மைக்செட்காரர்தான் பேசுகிறார். தச்சர் சில நேரம் குழாயே தேவலையோ என்று நினைப்பதுபோல் தெரிகிறது.

பாலம் ஒரு நாற்காலி அகலம்தான். மழைக்கு முன்பே அக்கா அதில் இறங்கி வந்தாள். பலகை இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும்போது தடக் தடக்கென்று சத்தம் வரும். அவள் எப்போது வெளியே வருகிறாள், எப்போது உள்ளே போகிறாள் என்று இனி யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சிலருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மழை பெய்தது. தண்ணீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கியது. மர டாக்டர் வந்து பழையபடி தட்டினாள், கீறினாள். மொட்டைப் பக்கத்தில் இன்னும் மொட்டைதான் என்று குழுவினர் தலையைத் தொங்கப் போட்டபோது, அவள் ஏணியில் ஏறி ஒரு குச்சியைத் தாழ்த்திக் காட்டினாள். நுனியில் விரல் நகமளவு துளிர்கள், இன்னும் விரியாமல், ஈரமாக.

நிரந்தரமாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அடுத்த மழைவரை நிற்கட்டும், அப்போது மறுபடி பார்ப்போம். குழு உடனே ஒரு விழா பற்றி யோசிக்கத் தொடங்கியது. எல்லோரும் மைக்செட்காரரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டு, அமைதியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தில் தடக் தடக்கென்று சத்தம் கேட்டது. போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"சொல்லுங்க. மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இருக்குங்க, எங்கே போயிடும்? இங்கேதான் இருக்கு. நீங்க பக்கத்தைச் சொல்லுங்க."