போகிறவருக்கு ஓர் ஆரத்தி

...வந்தவருக்குத்தானே ஆரத்தி, புறப்பட்டுப் போகிறவருக்கு எவள் எடுப்பாள், ஆனாலும் கங்காணி சோலைமலை சொல்லிவிட்டார், எம்.பி. வரும்போது துரை பங்களாப் பக்கமாக வந்து நேரே மேடையேறிவிட்டாராம், அதனால் போகும்போதாவது எடுத்தாக வேண்டுமாம், நல்ல சம்பிரதாயம், த்தூ... நாகலெட்சுமி காலையிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கவும் போகாமல் மைதானத்து வாசலில் தட்டோடு நிற்கிறாள், தூறல் விழுந்து விழுந்து ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வெளுத்துப்போயிற்று, ஓட்டு இருந்த காலத்தில் ஒருமுறை போட்டாள், பிறகு இந்த நாட்டுக் குடிகள் இல்லையென்று சொல்லி அதையும் பிடுங்கிக்கொண்டார்கள், ஓட்டில்லாத சனத்திடம் இந்த மனுஷனுக்கு என்ன வேலை, கூட்டம் காட்டிப் படம் பிடிக்கவா? மேடையில் அவர் கச்சதீவைப் பற்றித்தான் முழங்குகிறார், "பாராளுமன்றத்தைக் கேட்காமல் அந்தத் தீவில் ஒரு பிடி மண்ணைக்கூட எந்தப் பிரதமரும் இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, சபையில் நான் எழும்பிக் கேட்பேன்" என்கிறார், கைதட்டுகிறார்கள், நனைந்துகொண்டே தட்டுகிறார்கள், வெட்கங்கெட்ட கைகள். "அந்தத் தீவுல யாரு இருக்காங்க?" என்று பக்கத்தில் நின்ற அழகம்மாவைக் கேட்டாள், "ஒரு குடியும் கெடையாதாம், அந்தோனியார் கோயில் மட்டுந்தான், திருநாளைக்குப் போயிட்டு வருவாங்கன்னு நம்ம தோட்டத்துச் செபமாலை சொன்னா" என்றாள் அவள்.

ஆளே இல்லாத மண்ணுக்குச் சபையைக் கேட்க வேண்டும், ஆளுக்கு யாரைக் கேட்டார்கள்? ஐப்பசியில் டில்லியில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தில் அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, கறிக்கடையில் கூறு வைக்கிற மாதிரி வைத்தார்களே, அதற்கு எவன் எழும்பினான்... அந்தக் கூறில் அவளும் இருக்கிறாள், யார் எந்த நாட்டுக்கு என்று கேட்ட தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் அவள் புருஷன் பழனியாண்டி குடும்பத்தோடு இந்தியாவுக்கு என்று கையைத் தூக்கிவிட்டு வந்து, வாயைத் திறக்காமல் ரொட்டி தின்றுவிட்டுப் படுத்தான், நேற்றுப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அழகம்மா சொல்லித்தான் அவளுக்கே தெரியும். பிறந்தது இந்த லயத்து வரிசை வீட்டில், பிள்ளை பெற்றது இந்த லயத்தில், அந்தக் கரையை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை, ஒரு வார்த்தை கேட்டானா, டில்லி எதற்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு டில்லி...

எம்.பி. வந்து நின்றார், கற்பூரம் பற்றவில்லை, வெறும் தண்ணீர்த் தட்டையே மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தாள், "சுகமா இருக்கீங்களா அம்மா?" என்றவர் பதிலுக்கு நிற்காமல் காரில் ஏறிவிட்டார், சேறு மட்டும் சேலையில் தங்கிற்று. பழனியாண்டி குடையோடு வந்தான், "தண்ணிய ஊத்திட்டு வா, நனையாத" என்றான். "இந்தியாவுக்குன்னு கையத் தூக்கினீங்களே, என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?" அவன் விழித்தான், அப்படியொன்று கேட்கவேண்டியிருந்தது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது போல, "அங்க நம்ம சனம் இருக்காங்க, புள்ள" என்றான். நம்ம சனம்... கப்பலை விட்டு இறங்கும்போது தட்டோடு நிற்பார்களா அந்த நம்ம சனம், வந்தவர்கள் என்பார்களா, இல்லை, எங்கேயோ போகிறவர்கள் என்று ஒதுங்கிக்கொள்வார்களா? ஆரத்தித் தண்ணீரை வந்தவர் நுழைந்த வாசலில் ஊற்ற வேண்டும், இங்கே ஒருவரும் வந்து நுழையவில்லை, எல்லாரும் போகிறவர்கள்தான், அவளையும் சேர்த்து... குடைக்குள் போகாமல், தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் தட்டோடு நின்றாள்.