உப்புக்கல்லுக்கு ஒரு காரணம்

நிலவியல் படிக்க வருகிறவர்கள் முதல் வருடத்திலேயே கல்லை நக்கிப் பார்க்கப் பழகிவிடுவார்கள். வேதியியல்காரர்கள் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், நிலவியல் படிக்கும் அவளுடைய தட்டைப் பார்த்து, "உனக்கு எதுக்கு சோறு, ஒரு பாறாங்கல்லு போதாதா?" என்று கேட்ட வேதியியல் தோழிகூட, இவளுடைய அம்மா செத்துப்போன பிறகு கேலிக்கு வாயே திறப்பதில்லை.

அந்தச் சாவுக்குப் போனதில் செய்முறைத் தேர்வு தவறிவிட்டது. இன்று அவளுக்கு மட்டும் மறுதேர்வு. வெளியே நடையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். தேறாவிட்டால் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே அப்பாவின் இரும்புக் கடையில் அம்மா உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் வந்து உட்காரச் சொல்லி அப்பா கேட்கவில்லை. கேட்காததுதான் கனமாக இருந்தது. அதில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கருங்கல். கல்லின் பெயரை மட்டும் எழுதினால் அவர் மதிப்பெண் போடமாட்டார். எப்படித் தெரிந்தது என்றும் எழுத வேண்டும். மேசையில் எண் ஒட்டிய கற்களை அடுக்கிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கத்தியால் கீறியது, பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பொடியின் நிறம் பார்த்தது. இரண்டு கற்களுக்கு ஒன்றும் தோன்றாமல் வெற்றிடம் விட்டாள். இனி ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை.

கடைசிக் கல் கண்ணாடிபோல் இருந்தது. அமிலத்தை ஒரு சொட்டு விட்டாள். நுரைக்கவில்லை, ஆகவே கால்சைட் இல்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு, அமிலம் படாத மறுபக்கத்தை நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. 'ஜிப்சம், சுவை இல்லை' என்று எழுதினாள்.

எழுதிய பிறகும் கல்லைக் கீழே வைக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள், நகம் வழுக்கியது. ஜிப்சமாக இருந்தால் கோடு விழுந்திருக்கும். உருப்பெருக்கியை எடுத்து உடைந்த முனையைப் பார்த்தாள். சின்னச் சின்னப் படிகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சதுர மூலை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

பேராசிரியர் வாசித்துக்கொண்டே வந்து, 'உப்புக்கல், சதுர மூலைகளாக உடைகிறது' என்ற கடைசி வரியில் நின்றார். கல்லை எடுத்துத் தன் நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே கரிக்குது. எல்லாரும் உப்பு கரிக்குதுன்னுதான் எழுதுவாங்க. நீ ஏன் எழுதல?"

"எனக்குத் தெரியல சார்."

"நாக்குல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். அம்மா போனதுலேர்ந்து எதுவும் தெரியறதில்ல. அதான் உடைஞ்சிருக்கற விதத்தப் பாத்து எழுதினேன்."

இன்னொரு கல்லின் குணத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். அவர் பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மிதிவண்டியை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. மறுபடி மூடியைக் கழற்றி, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நடையில் சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்று தோற்றார். கடைசியில் அவளே சொன்னாள். அவருக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கைபேசியை எடுத்து அழுத்தி அவளிடம் நீட்டினார்.

"அண்ணன்கிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால ஆகாது."

அந்தப் பக்கம் அப்பா எடுத்தார். கடையில் யாரோ ஆணி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நான் இங்கயே இருக்கேன்."

ஆணி கேட்ட குரல் இன்னொரு முறை கேட்டது. பிறகு அம்மாவின் நாற்காலி இழுபடும் சத்தமும், அப்பா அதில் உட்கார்ந்து டப்பாக்களைத் துழாவும் சத்தமும் வந்தன.

"சரிம்மா" என்றார். "எத்தன இஞ்சு?" என்று வந்தவரிடம் கேட்டார். இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். அவளும் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.