வெல்டரின் வாய்ச்சவடால்

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லித்தான் சிறார் கோர்ட்டுக்குக் கூட்டிவந்தாள். கேட்கிற ஆளா வெல்டர்?

மகனுக்குப் பதினாறு வயது. தெருவில் போன பெண்ணின் செல்போனைப் பறித்தான். அவள் விழுந்து கை முறிந்தது. செய்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டாயிற்று. இரண்டு மாதமாக ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். அவனை வீட்டுக்கே அனுப்புவதா, சீர்திருத்தப் பள்ளியில் போடுவதா என்பதுதான் இன்றைக்கு முடிவாக வேண்டும்.

"வீட்டுக்கு அனுப்பினா எப்படிப் பார்த்துக்குவீங்க?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "என்கிட்ட விடுங்கம்மா! தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடறேன். காலை ஒடிச்சுப் போட்டா எங்க போவான்?"

கண்டிப்பான அப்பன் என்று மெச்சுவார்களாம்! அட புண்ணியவானே! நன்னடத்தை அலுவலர் சட்டென்று எதையோ குறித்துக்கொண்டார். நீதிபதியின் முகம் இறுகியது.

"அடிக்கிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது."

புருஷனோ சொன்னதை மாற்றுவதாக இல்லை. பின்னால் அவள் அண்ணன் வேறு நிற்கிறார். மச்சான் முன்னால் மீசையை இறக்குகிற ஆளா இவர்? அவள் அவர் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். "உண்மையைச் சொல்லித் தொலைங்க. பிள்ளை போயிடுவான்."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அடிச்சதே இல்லம்மா. எல்லாம் வெறும் வாய்தான். சின்ன வயசுல ஒரு தடவை கை ஓங்கினேன். பயந்துபோய் என் காலையே வந்து கட்டிக்கிட்டான். அப்புறம் கை எழும்பலை."

நம்பலாமா என்பதுபோல நீதிபதி பையன் பக்கம் திரும்பினார். "அப்பா சொல்றது நிஜமா?"

காலையிலிருந்து நிமிராத பையன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"நிஜம்தான். அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. ரெண்டு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம், என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. திட்டக்கூட மாட்டேங்கறாரு." சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதான்.

ஊரையே வாயால் அளக்கிற மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். ஒரு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, வீட்டிலேயே இருக்கலாம், பள்ளிக்கூடத்தை விடக்கூடாது, அந்தப் பெண்ணை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே படியிறங்கும்போது பையன் நாலடி தள்ளியே வந்தான். வெல்டர் நின்றார், தொண்டையைச் செருமினார்.

"என்னடா ஆடி அசைஞ்சு வர்றே? வீட்டுக்கு வா, காலை ஒடிக்கிறேன்!"

நன்னடத்தை அலுவலர் திடுக்கிட்டுத் திரும்பினார். பையன் ஓடிவந்து அப்பாவை ஒட்டி நடந்தான்.

"சரிப்பா" என்றான்.