மாமியின் பச்சைக் காய்

என் மாமியார் ராகேலுக்கு லூடோவில் இரக்கம் என்பதே கிடையாது. ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு ஜெபிக்கிற அதே பெண்மணிதான், சாயங்காலம் கட்டின புருஷனின் காயை வீட்டு வாசலில் வைத்து வெட்டுவார். தோகாவில் வேலை பார்க்கும் என் கணவர் ரெனிஷ், அம்மாவுக்காகப் போனில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு அது. அவர் அங்கிருந்தும் மாமா, மாமி, நான் மூன்று பேரும் அருமனை வீட்டிலிருந்தும் தினமும் ஒரு ஆட்டம் போடுவோம். மாமிக்கு எப்போதும் பச்சைக் காய்தான். காய் கடைசிக் கட்டம் ஏறியதும் "பழம்" என்பார். அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா ஜேசுதாஸ் தோற்றால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. போன வியாழக்கிழமை தோற்ற கையோடு போனைத் துழாவி எதையோ படித்தார். முகம் மலர்ந்தது.

"ஏட்டி ராகேல், நீ ஆடுகது என்னன்னு தெரியுமா? நம்ம ஊரு ஆட்டம். வெள்ளைக்காரன் பச்சீசிங்கற ஆட்டத்த இங்க இருந்து கொண்டு போய், சோழிக்குப் பதிலா ஆறு பக்கப் பகடைய வச்சு, லூடோன்னு பேரு போட்டு நமக்கே வித்திருக்கான். நம்ம தாயமும் இதும் ஒரே குடும்பம். தாயம்னா எழும்பிப் போவியே, இப்பம் என்ன செய்வே?"

எங்கள் சபையில் பழைய ஆட்கள் தாயத்தைச் சூது என்று வீட்டுக்குள் விடமாட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் தாயம் விரித்தால் மாமி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். பக்தி அதிகம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாமாவும் அதை வைத்துத்தான் கிண்டல் செய்தார். மாமி சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

மறுநாள் காலையில் தோகாவிலிருந்து மரியஜான் கூப்பிட்டார். ரெனிஷின் அறையில் தங்கியிருப்பவர். ராத்திரி ரெனிஷுக்கு வயிற்றுவலி தாங்க முடியவில்லையாம். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறதாம், ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்களாம். அதற்குமேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

மாமி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்த சாயாவைத் தொடவில்லை.

"நான் கர்த்தருக்குக் குடுத்த வாக்கு தப்பிட்டேன் சுஜி" என்றார். "ரெனிஷுக்குச் சின்னதுல மூளைக்காய்ச்சல் வந்துது. டாக்டர் கைய விரிச்சாரு. நான் பொருத்தனை செஞ்சேன். பிள்ளையத் தந்தா இனி இந்தக் கையால பகடை உருட்ட மாட்டேன்னு. எனக்கு அத விடப் பிரியமா வேற ஒண்ணும் இல்ல. புதுக்கடையில பொறந்த வீட்டுல வளையல் துண்டக் காயா வச்சு, பழம் பழம்னு கத்தி, சோறு தின்ன மறந்து தாயம் ஆடுனவ நான். போன்ல உள்ளது வெள்ளைக்காரன் ஆட்டம், அது வேறன்னு நெனச்சிட்டேன்."

இத்தனை வருடம் கூட இருந்தும் மாமாவுக்கே தெரியாத கதை. தூறல் விழுந்தது. கொடியில் காயப் போட்டிருந்த ரப்பர் ஷீட்டை எடுக்கக்கூட அவர் எழவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு லூடோவுக்காகக் கர்த்தர் ஒரு மனுஷனை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பாரா என்று கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பொருத்தனை யாருடையதாக இருந்தாலும் படுத்திருப்பது என் புருஷன்.

மத்தியானம் கழிந்து மாமியின் போன் சிணுங்கியது. அழைப்பு இல்லை, லூடோவின் சத்தம். எடுத்துப் பார்த்தேன். 'ரெனிஷ் உங்களை ஆட அழைக்கிறார்.'

ஆபரேஷன் முடிந்ததைப் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் அம்மாவை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற ஆளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? என் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு முதலில் நன்றாகத் திட்டினேன். பிறகுதான் அழுதேன்.

"தொண்ட காஞ்சு கெடந்துது, பேச முடியல்ல" என்றார் ரெனிஷ், கரகரத்த குரலில். "ஆடக் கூப்பிட்டா ஆளு உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கிடுவியன்னு நெனச்சேன். அம்மா ஏன் வரல்ல?"

மாமி போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்காகவாம்மா கல்யாண வீட்ல இருந்து எழும்பி எழும்பிப் போனே?"

"பாத்தா கை துறுதுறுங்கும் மக்கா. அதான் பாக்காம போயிருவேன்."

ரெனிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "கர்த்தர்கிட்ட என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

"இந்தக் கையால பகடை உருட்ட மாட்டேன்னு."

"அப்பம் சுஜி உருட்டட்டும். நீ காய மட்டும் நகத்து. காயப் பத்தி நீ ஒண்ணும் சொல்லல்லியே."

மாமி வெகுநேரம் யோசித்தார். இத்தனை வருடம் ஒழுங்காக வட்டி கட்டியவர் சலுகை கேட்கிற மாதிரி மேலே பார்த்தார். பிறகு கட்டிலில் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

"ஏட்டி சுஜி, இஞ்ச வந்து இரி."

நான் பகடையைத் தொட்டேன், அவர் காயை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் ரெனிஷின் மஞ்சள் காய், பச்சைக்கு மூன்று கட்டம் முன்னால் வந்து நின்றது. எனக்கு மூன்று விழுந்தது.

"வேண்டாம் ராகேல். வயித்தக் கீறிக் கெடக்க பிள்ள" என்றார் மாமா.

மாமி மகனின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். வெட்டினார்.

"அம்மா, சிரிக்க வைக்காத. தையல் வலிக்கு" என்று ரெனிஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பி, ஆறிப்போன சாயாவைக் கேட்டார்.