உப்பு சரியா இருக்கு

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் கனகம் அக்காவின் சாப்பாட்டுக் கடை. அதன் சமையற்கட்டில்தான் நிரஞ்சலாவுக்கு வேலை. கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் அவளுக்கும் ஏழு வயது மகள் யசோதினிக்கும் குடித்தனம். அறையைக் காட்டிய அன்றே கனகம் அக்கா கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுக் காண்பித்து, "யாரு வந்தாலும் என்னயக் கேக்காம தொறக்காத" என்று சொல்லியிருந்தாள்.

யாரு என்றால் திலீபன், நிரஞ்சலாவின் புருஷன். பெரகல சந்திக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் எட்டு வருஷம் அவனோடு வாழ்ந்தாள். வாழ்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் உள்ளே போகும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கேட்டவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். "சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவளா இருந்தா இன்னும் அவனோட இருப்பாளா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசியவர்களே, அவள் பிள்ளையோடு கிளம்பியதும் "புருஷன விட்டுட்டு ஓடிட்டா" என்றார்கள். நாக்குக்கு என்ன, எந்தப் பக்கமும் புரளும்.

காலையில் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவள்போல் இறங்கி, பெரகலயில் பஸ் ஏறி வந்தவள்தான். பொலிஸில் முறைப்பாடு, திலீபன் கிட்டே வரக்கூடாதென்று நீதிமன்றத்தில் கட்டளை, யசோவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக நடந்தது. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. தூக்கத்தில் அலறுவது நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நிரஞ்சலா நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை வேலைக்கு நடுவே ஓடிவந்து, அவசரமாக வைத்த பருப்பைச் சோற்றில் ஊற்றி மகளுக்குக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததுமே யசோ சத்தமாக, "உப்பு சரியா இருக்கும்மா!" என்றாள். தட்டைக் காலியாக்கினாள். அதற்கப்புறம் நிரஞ்சலா தன் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால், சப்பென்று இருந்தது. உப்பே போடவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். லயத்தில் அப்பனுக்கு முந்திக்கொண்டு ஒரு வாய் அள்ளிப் போட்டு, "உப்பு சரியா இருக்குப்பா!" என்று பிள்ளை கத்துவாள். அவளாகக் கண்டுபிடித்த உபாயம். சில நாள் பலித்தது. பலிக்காத நாளில் தட்டு பறந்தது. குனிந்துகொண்ட அம்மாவின் தலையைப் பிள்ளை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். தான் மட்டும் பஸ் ஏறி வந்திருக்கிறோம், பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டோம் என்று நிரஞ்சலாவுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் அழுத அழுகை கீழே கடைவரை கேட்டது.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லலாம் புள்ள. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

அப்புறம்தான் அவளுக்கு அந்தப் பைத்தியக்கார யோசனை. வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தாள். என்றைக்காவது ஒரு நாள் வாய் திறக்க மாட்டாளா? யசோ தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கிவிட்டு அதே வார்த்தையைச் சொன்னாள். நோய்நொடி இல்லாமலே இரண்டு பேரும் பத்தியம் இருந்தார்கள்.

உப்பில்லாமல் தின்று நிரஞ்சலாவின் நாக்கு கெட்டுப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை கடைக் குழம்பிலும் கை தவறிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த யசோ ஓரத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். கனகம் அக்கா அகப்பையில் தொட்டு நக்கியவள், "அடியே நிரஞ்சலா! கடல் தண்ணியிலயா கொழம்பு வச்ச?" என்று ஒரு சத்தம் போட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. யசோவின் பென்சில் நின்றது.

"ஐயோ அக்கா, கை தவறிருச்சு. ரெண்டு கெழங்கு வெட்டிப் போட்டா சரியாயிரும்."

"போடு, போடு. வெலிமடக் கெழங்கு மூட்டையில சும்மாதானே கெடக்கு" என்று அக்கா சிரித்தாள். நிரஞ்சலாவும் சிரித்துவிட்டாள். யசோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிழங்கு வெந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மாடியில் சோறும் பருப்பும். யசோ ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றாள். வழக்கமான வார்த்தை வரவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா... உப்பு இல்லம்மா." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! நிரஞ்சலாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு முட்டியது. உப்புப் போத்தலை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் பருப்பு ஒட்டிய சின்னக் கையும் இன்னொரு கையும் அவள் தலைமேல் வந்து கவிந்தன. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மாவின் தலையைப் பொத்திப் பிடித்தபடி நின்றாள்.

அப்பா இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று விட்டாள். அடி எதுவும் விழாது என்று அந்தக் கைகளுக்கே தெரியட்டும் என்று, கண்ணீரைத் துடைக்கக்கூட அசையாமல், குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.