வெந்த மூஞ்சிக்காரி

"வாயத் தொறடி. தொறக்கலன்னா வெந்த மூஞ்சிக்காரியக் கூப்புடுவேன். அவ புள்ளைங்களக் கடிச்சித் துன்னுவா, தெரியுமில்ல?"

பின்வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்த அம்சவள்ளி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் தம்பி பெண்டாட்டி கஸ்தூரி, நாலு வயது ஆண்டாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவில் வெந்த மூஞ்சி வேறு யாருக்கு இருக்கிறது? எழுபத்தி மூணாம் வருஷக் கரும்பு அறவையில், இதே வீட்டு வெல்லக் கொப்பரையிலிருந்து பாகு தெறித்து, இடது கன்னம் மொத்தமும் சுருங்கிப்போனது அவளுக்குத்தானே.

அடிப்பாவி! மூன்று மாதத்துக்கு முன்புவரை "அத்தே, அத்தே" என்று மடியில் ஏறி, இந்தக் கன்னத்தையே தடவித் தடவி விளையாடின பிள்ளை. திடீரென்று இவளைக் கண்டாலே அலறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பிள்ளையில்லாத தன் கண்தான் பட்டுவிட்டதோ என்று இவள் தன்னையே நொந்துகொண்டு, பொரி உருண்டையும் கையுமாகத் தினம் நடையாய் நடந்தாள். இன்றைக்கும் முந்தானையில் இரண்டு முடிந்திருந்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"கூப்ட்டியாமே கஸ்தூரி. வந்துட்டேன்."

கஸ்தூரிக்கு முகம் வெளுத்துப்போனது. "ஐயோ அண்ணி... சோறு துன்ன மாட்டேங்குது, அதான் சும்மா..."

"நான் கொயந்தைங்களத் துன்ன மாட்டேன்." அம்சவள்ளி ஆண்டாளைப் பார்த்தே சொன்னாள். "பொய் சொல்ற அம்மாவத்தான் துன்னுவேன். இன்னிக்கு உங்கம்மாவத் தூக்கினு போவத்தான் வந்திருக்கேன்."

"இன்னா பேச்சு இது? புள்ள பயப்படுது!"

"பயப்படட்டுமே. நீ கத்துக் குடுத்ததுதான?"

சொன்னதில் அவளுக்கு அப்படியொரு திருப்தி. அழட்டும், ரெண்டு பேரும் நல்லா அழட்டும்.

ஆண்டாள் அலறவில்லை. ஓடவுமில்லை. அம்மா மடியிலிருந்து இறங்கி, தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளினாள். நடந்து வந்து, அம்சவள்ளியின் முழங்காலருகே நின்று கையை உயர்த்தினாள்.

"இத்தத் துன்னு அத்தே. எங்கம்மாவ வுட்டுடு."

அம்சவள்ளி குனிந்து வாயைத் திறந்தாள். வெந்த பக்கத்து உதடு அவளுக்குச் சரியாகத் திறக்காது. குழம்பு பிள்ளையின் விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாலும், ஆண்டாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.