மூன்றாவது வளையம்

உணவுக்குழாய் இரைப்பையில் இறங்கும் வாசலில் வருகிற புற்றுநோயை மூன்று வகையாகப் பிரிப்போம். வாசலுக்கு மேலே என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டும். கீழே என்றால் வயிறு போதும். வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இரண்டாம் வகை. எங்களைச் சண்டை போட வைப்பதும் அதுதான். அன்று என் மேசையில் படுத்திருந்த தையல்காரருக்கு வந்திருந்தது அந்தக் கண்றாவி.

அவருக்கு ஒரு நுரையீரல் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்தால் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அதனால் வயிற்று வழியாகவே போனேன்.

கட்டியை எடுத்தாயிற்று. மிச்சமிருந்த குழாயின் நுனியில் மோதிரம் போல ஒரு வளையம் நறுக்கி, அதில் புற்று மிச்சமிருக்கிறதா என்று உறையவைத்துப் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மிருதுவாக, பளபளவென்று இருந்தது. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

செவிலியர் தொலைபேசியை என் காதருகே பிடித்தார்.

"இருக்கு மேடம்," என்றார் ஆய்வக மருத்துவர்.

இன்னும் மேலே வெட்டினேன். அதுவும் பார்வைக்குச் சுத்தம்.

"இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணுக்கும் கைக்கும் அகப்படாமல் முன்னால் படியேறிப் போகிற சனியனை என்ன செய்வது? குழாய் நெஞ்சிலிருந்து இறங்கி வரும் உதரவிதான ஓட்டைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டேன். புறங்கையில் அவர் இதயம் முட்டி முட்டித் துடித்தது. எட்டுகிற கடைசி இடத்தில் மூன்றாவது வளையத்தை வெட்டித் தட்டில் வீசினேன்.

"இல்ல மேடம்! சுத்தமா இருக்கு. போய்க் காபி குடிங்க."

"அப்பாடா, இனிமே யாரும் திட்டு வாங்க வேணாம்," என்றார் மயக்க மருத்துவர். நானும் சிரித்துவிட்டேன். தைக்க ஊசியை வாங்கியபோது தொலைபேசி மறுபடி அடித்தது.

"மேடம், வளையத்துல நோயாளி உடம்போட ஒட்டியிருந்த மேல் பக்கத்துல நூல் முடிச்சு போடுவீங்களே, இதுல காணோம். நான் பாத்தது எந்தப் பக்கம்?"

செவிலியர் என்னைப் பார்த்தார். அவர் முடிச்சுப் போடுவதற்குள் கொண்டுபோகச் சொல்லிக் கத்தியது நான்தான்.

"திருப்பிப் பாருங்க."

காத்திருந்தோம். திரும்ப வந்தபோது ஆய்வக மருத்துவரின் குரல் இறங்கியிருந்தது. "இந்தப் பக்கம் இருக்கு."

நடுவில் கொஞ்சம் இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு, தாண்டி மேலே போய் உட்கார்ந்திருந்தது.

இனி நெஞ்சுதான். மயக்க மருத்துவர் தலையை ஆட்டினார். "தாங்க மாட்டாரு."

பயந்துகொண்டே தைத்தேன். ஒவ்வொரு தையலும் அதைக் குத்திக்கொண்டுதான் போயிருக்கும். ஆனால் சதை மெத்தென்று வழிவிட்டது, நோயே அறியாத சதை மாதிரி.

வெளியே அவர் மனைவி எழுந்து வந்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா, டாக்டரம்மா?"

"இல்லம்மா. அவரை உயிரோட தர்றேன். அதையும் சேத்துத்தான் தர்றேன்."